ஆற்றுக்குப் போன பையன்கள்: ‘அழியாத கோலங்கள்’ பார்த்தவர்கள் சொன்னதும் நான் பார்த்ததும்

‘அழியாத கோலங்கள்’ பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் ஷோபாவைச் சொல்வார்கள். அடுத்து ‘பூவண்ணம் போல நெஞ்சம்’ பாட்டு. கொஞ்ச நேரம் போனதும் பேச்சு ஆற்றுக்கு வந்துவிடும். வந்த பிறகு படம் பின்னால் போய்விடும். அவரவர் ஊர், அவரவர் ஆறு அல்லது குளம் அல்லது கிணறு, அதில் போன ஒரு பையன். இந்தப் படத்தை முன்னிட்டு நான் கேட்ட கதைகளில் பெரும்பாலானவை அங்கேதான் போய் நின்றிருக்கின்றன. அவற்றில் சிலவற்றையும் என்னுடையதையும் இங்கே எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979இல் வந்த படம். பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதல் படம் இதுதான். அதற்கு முன் கன்னடத்தில் ‘கோகிலா’வை எடுத்திருந்தார். கௌரிசங்கர், பட்டாபி, ரகு என்று மூன்று பையன்கள். மீசை அரும்பும் வயது, சின்ன ஊர், பள்ளிக்கூடம், ஆறு. ஊருக்குப் புதிதாக இந்துமதி என்ற டீச்சர் வருகிறார், அது ஷோபா. மூன்று பேரும் அவரிடம் மனதைப் பறிகொடுக்கிறார்கள். டீச்சருக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அது பிரதாப் போத்தன். இடையில் ரகு ஆற்றில் மூழ்கிப் போகிறான். இவ்வளவையும் வளர்ந்த கௌரிசங்கர் நினைத்துப் பார்க்கிறார். இந்து டீச்சர் இறந்துவிட்டார் என்று பட்டாபி எழுதிய கடிதம் அவர் கைக்கு வருவதில்தான் படமே தொடங்குகிறது. வளர்ந்த கௌரிசங்கராகக் கமல்ஹாசன் வருகிறார், சிறிய வேடம்தான்.

நான் முதலில் பார்த்தது குளித்தலையில் எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டில். அப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் போடுவார்கள். முதல் கேசட் சாமி படம், பாட்டிகளுக்காக. அடுத்து எம்.ஜி.ஆர்., அதற்கடுத்து ரஜினி. அதற்குள் தெருவே பாயில் சாய்ந்திருக்கும். கடைசி கேசட்டைப் பார்க்க விழித்திருப்பவர்கள் எங்களைப் போன்ற பையன்களும், சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் ஆட்களும்தான். அந்தக் கடைசி கேசட்டாக அன்றைக்கு வந்தது இது. சண்டை வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை. ஆனால் ஒருவனும் எழுந்து போகவில்லை. திரையில் இருந்த பையன்கள் எங்களைப் போலவே சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, எங்களைப் போலவே ஒரு வேலையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் செய்வதையெல்லாம் யாரோ ஒளிந்திருந்து பார்த்துவிட்டார்களே என்று கூச்சமாக இருந்தது. சினிமாவில் எங்கள் வயதுப் பையன் என்றால் அதுவரை கதாநாயகனின் சிறுவயதுப் பருவம்தான். ஒரு பாட்டு முடிவதற்குள் ஓடிக்கொண்டே வளர்ந்துவிடுவான். இவர்கள் கடைசிவரை வளராமல் எங்களோடு இருந்தார்கள்.

அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அடுத்த ஆடியில் காவிரியில் போய்விட்டான். அவன் பெயரை எழுதப்போவதில்லை; அவன் அம்மா இருக்கிறார்.

எங்கள் ஆற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வருவதற்கு முந்தைய மாதங்களில் குளித்தலைக்கும் முசிறிக்கும் நடுவே காவிரி வெறும் மணல்வெளி. அகண்ட காவிரி என்று சும்மா சொல்லவில்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். அங்கேதான் பந்து விளையாடுவோம். மணல் வண்டிகளும் அப்போதுதான் இறங்கும். அவர்கள் அள்ளிய இடத்தில் ஆள் உயரத்துக்குக் குழி விழும். தண்ணீர் வந்ததும் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஆறு ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் அளவில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவான். குழியின் ஓரத்து மணல் காலை ஊன்ற விடாது. ஏற ஏறச் சரியும். நீச்சல் தெரிந்தவனே பதறினால் தப்புவது கடினம். அவனுக்கு நீச்சல் நன்றாகவே தெரியும்.

பரிசல் போட்டுத் தேடி மறுநாள்தான் எடுத்தார்கள். கரையில் கிடந்த அவன் சைக்கிளை அவன் அப்பா ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். பள்ளியில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். அதற்குப் பிறகு கணக்கு வகுப்பு.

துக்கம் விசாரிக்க ஊரே அந்த வீட்டுக்குப் போனது. போக வேண்டியதுதான். ஆனால் நாள் முழுவதும் அவனோடு சுற்றிய எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நண்பனுக்குத் தீட்டு கிடையாது, பங்காளிகளின் வரிசையில் இடம் கிடையாது, பதினாறாம் நாளில் ஒரு வேலையும் கிடையாது. பதினைந்து வயதில் நண்பனைப் பறிகொடுத்தவன் துக்கத்துக்கு உரியவன் என்று நம் வழக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. இந்தப் படம் மட்டும்தான் எங்களிடம் துக்கம் கேட்டது. அதனால்தான் இதை ‘இளமைக் காதல் படம்’ என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. டீச்சர் மேல் வந்த மோகம் தானாகவே தேய்ந்து போயிருக்கும். ரகுவின் சாவுதான் மற்ற இரண்டு பேரையும் பெரியவர்களாக்கிவிட்டது.

1971இல் வந்த ‘சம்மர் ஆஃப் 42’ என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் இதில் உண்டு என்று பலரும் சொல்வார்கள். அதையும் தேடிப் பார்த்தேன். சாயல் உண்டு, மறுக்க முடியாது. அங்கேயும் மூன்று பையன்கள். போர்க்காலத்தில் ஒரு தீவில் கோடை விடுமுறை. வயதில் மூத்த ஒரு பெண்மேல் ஒருவனுக்கு ஈர்ப்பு. வளர்ந்தபின் நினைத்துப் பார்ப்பதாகவே கதை. ஆனால் அங்கே சாவு வருவது போர்முனையிலிருந்து, அந்தப் பெண்ணின் கணவனுக்கு. மூன்று பையன்களும் உயிரோடுதான் இருக்கிறார்கள். பாலு மகேந்திரா அதை மாற்றினார். சாவை ஆற்றுக்கும் பையன்களுக்கும் கொண்டுவந்தார். அந்த ஒரு மாற்றத்தில்தான் இது நம் படமாகிறது என்பேன்.

பெரியப்பா மகன் ஒருவர் படம் வெளியானபோதே திருச்சியில் பார்த்தவர். கமலுக்காகப் போனாராம். கமல் எப்போது மறுபடி வருவார் என்று பொறுத்துப் பார்த்துவிட்டு, கூட வந்த கூட்டாளிகள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். வெளிச்சம் என்றார். மத்தியான வெயில் மத்தியான வெயிலாகவே இருந்தது, அதுவரை சினிமாவில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. படத்தின் ஒளிப்பதிவும் பாலு மகேந்திராதான். முந்தைய ஆண்டு ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவர்தான் என்பதெல்லாம் அண்ணனுக்கு அப்போது தெரியாது. பாட்டு விஷயத்தில் மட்டும் அண்ணன் நிபுணர். ‘செம்மீன்’ படத்துக்கு இசையமைத்த சலில் சௌத்ரிதான் இதற்கும் இசை; பாட்டுகள் கங்கை அமரன். எஸ்.பி.பி. பாடிய ‘நான் எண்ணும் பொழுது’ பாட்டின் மெட்டு, ‘ஆனந்த்’ என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய ‘ந ஜியா லாகே நா’வில் சலில் ஏற்கெனவே போட்டதுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவார். எனக்குத் தமிழ்தான் பிடிக்கும். அந்தக் குரலில் இருக்கும் தயக்கம் அந்த வயதுக்கே உரியது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், என் அக்காவோடு வேலை பார்த்தவர், இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னது என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. அவர் இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போனவர். பஸ்ஸை விட்டு இறங்கினால் பையை வாங்கிக்கொள்ளப் பையன்கள் காத்திருப்பார்களாம். மேசைமேல் தினமும் பூ இருக்கும். யார் வைத்தது என்று தெரியாது. அவர் அதைக் கண்டித்ததும் இல்லை, ரசித்ததும் இல்லை. அவருக்கு அப்போது இருந்த கவலையெல்லாம் மாதச் சம்பளத்தில் தங்கைக்கு நகை சேர்ப்பது. பையன்களுக்கு டீச்சர் ஒரு கனவாக இருந்த அதே நேரத்தில் டீச்சருக்கு வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் இருந்தன என்றார். படம் பையன்களின் கண் வழியாகவே போகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அப்படித்தான் எடுக்க முடியும். ஆனால் இந்துவின் பக்கத்திலிருந்து ஒரு படம் வரவே இல்லையே என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஷோபாவைப் பற்றி நான் சொன்ன ஒரு விவரம் அவரைக் கலங்க வைத்தது. ஷோபா பிறந்தது 1962இல். இந்து டீச்சராக நடித்தபோது அவருக்குப் பதினாறு, பதினேழு வயது. வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த பையன்களின் வயதுக்கும் அவர் வயதுக்கும் பெரிய இடைவெளி இல்லை. சேலையை அவர் உடுத்தியிருக்கும் விதமும் நிதானமாகத் திரும்பிப் பார்க்கும் விதமும் நம்மை அப்படி நம்ப வைத்துவிட்டன. அதே 1979இல் வந்த ‘பசி’க்காகத் தேசிய விருது பெற்றார். 1980 மே 1ஆம் தேதி இறந்துபோனார். வெளியான சமயத்தில் பார்த்தவர்களுக்கு அந்தக் கடிதம் வெறும் கதைத் தொடக்கம். எங்களைப் போல் பின்னால் பார்த்தவர்களுக்கு, இந்து டீச்சர் இறந்த செய்தியும் ஷோபா இறந்த செய்தியும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன.

மட்டக்களப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இந்தப் படத்தைத் தன் ஊர்ப் படம் என்றே சொல்வார். படம் எடுத்தது அங்கே இல்லை என்று யாராவது திருத்தினால் ஒப்புக்கொள்ள மாட்டார். பாலு மகேந்திரா பிறந்தது மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில். மாமாங்கேஸ்வரர் கோவிலும் தீர்த்தக் குளமும் பக்கத்திலேயே வாவி என்று அவர்கள் சொல்லும் உப்பங்கழியும் இருக்கும் ஊர். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அங்கே கூட்டம் அலைமோதும். பள்ளிச் சுற்றுலா போன இடத்தில், கித்துல்கலவில் டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படப்பிடிப்பைப் பார்த்துத்தான் பாலு மகேந்திராவுக்குச் சினிமா ஆசை வந்தது என்பதை நண்பர் பெருமையோடு சொல்வார். அதுவும் ஆற்றங்கரைதான். அழியாத கோலங்களில் தன் சிறுவயது நினைவுகள் கலந்திருப்பதாக இயக்குநரே சொல்லியிருக்கிறார். நண்பருக்கு அது போதும். ஊரை விட்டு வந்தவருக்குத் திரையில் தெரிகிற தண்ணீரெல்லாம் வாவியாகத் தெரிகிறது. அவர் வகுப்பிலும் இல்லாமல் போனவர்கள் உண்டு. அவர்களில் தண்ணீரில் போனவன் ஒருவன்தான், மற்றவர்கள் வேறு காரணங்களால் என்று சொல்லி, அதற்கு மேல் பேசவில்லை.

சென்ற கோடையில் தங்கை மகனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். இணையத்தில் கிடைத்த பிரதியில் நிறமெல்லாம் வெளிறியிருந்தது. அண்ணன் சொன்ன அந்த வெயிலைக் காட்ட முடியவில்லையே என்று எனக்கு வருத்தம். பழைய தமிழ்ப் படங்களை நாம் காப்பாற்றி வைத்திருக்கும் லட்சணம் இது. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் நெகட்டிவே இல்லை என்று பாலு மகேந்திரா தன் கடைசி ஆண்டுகளில் வேதனைப்பட்டுப் பேசினார். 2014இல் அவரும் போய்விட்டார்.

பையன் முழுவதும் பார்த்தான். ஆற்றில் இவ்வளவு நேரம் இருக்க வீட்டில் எப்படி விட்டார்கள் என்று கேட்டான். அவனை ஆற்றுப் பக்கமே விடுவதில்லை, அதற்குக் காரணம் நாங்கள்தான். பிறகு இன்னொன்று கேட்டான். டீச்சர் இறந்ததைப் பட்டாபி கடிதம் எழுதிச் சொல்கிறாரே, அப்படியானால் ரகு போன பிறகும் அவர்கள் இரண்டு பேரும் விடாமல் தொடர்பில் இருந்தார்களா?

எங்கள் மூன்று பேரில் மீதி இருக்கிற இன்னொருவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறான். பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. எண்ணைத் தேடி வாங்கி அன்று மாலையே கூப்பிட்டேன். மகள் கல்லூரியில் சேர்ந்ததைச் சொன்னான், முழங்கால் வலியைச் சொன்னான், காவிரியில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று கேட்டான். வைக்கப்போகும் நேரத்தில், ஆற்றில் போனவனின் அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று அவனே கேட்டான். அதே வீட்டில்தான் என்றேன். வருகிற ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு பேரும் ஊருக்குப் போவதாகப் பேசியிருக்கிறோம். முதலில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.