சர்க்கரை இல்லாத சாக்லேட் மூஸ்: மறுநாள் மணல் மாதிரி நறநறக்கிறதே, ஏன்?

அடுக்கடுக்காய்:

மாவு, சர்க்கரை, முட்டை எதுவும் இல்லாத சாக்லேட் மூஸ். அளவு இதுதான்: கிரீம் 200 மில்லி, கோகோ பவுடர் 40 கிராம், எரித்ரிட்டால் (சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்புத் தூள்) 60 கிராம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு பீட்டரில் அடிப்பது. செய்த அன்றைக்குச் சுமாராக இருக்கிறது. ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்தால் பல்லில் நறநறக்கிறது, நாக்கில் புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி வேறு. கிரீமும் எவ்வளவு அடித்தாலும் எழும்பாமல் தளதளவென்றே நிற்கிறது. எங்கே தப்பு? எரித்ரிட்டாலுக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சரியாகுமா?

கோகோவாசம்:

கருப்பட்டியை முதலில் தள்ளி வையுங்க. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சம்பழப் பாகு எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அதில் ஒன்றைப் போட்ட பிறகு இதைக் குறைந்த மாவுச்சத்து (லோ கார்ப்) இனிப்பு என்று சொல்ல முடியாது.

நறநறப்புக்கு வருவோம். எரித்ரிட்டால் சூட்டில் நன்றாகக் கரையும், குளிரில் அவ்வளவு கரையாது. உங்கள் 200 மில்லி கிரீமில் இருக்கும் தண்ணீர் 120 முதல் 140 மில்லி. அதில் 60 கிராமைக் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தால், தாங்காத பங்கு திரும்பவும் படிகமாகிவிடும். அந்தப் படிகம் வாயில் கரையும்போது சூட்டை உறிஞ்சும். நீங்கள் சொல்லும் புதினாக் குளிர்ச்சி அதுதான். ஆக இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

மொத்தக் கலவையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எரித்ரிட்டால் போகக் கூடாது. போதாத இனிப்புக்குச் சுத்தமான ஸ்டீவியா துளிகள் 3 அல்லது 4. அதற்கு மேல் போனால் அடிநாக்கில் கசக்கும்.

4 கிண்ணத்துக்கு இந்த அளவு சரியாக வரும்:

கோகோ 25 கிராம் (இனிப்புச் சேர்க்காதது, ட்ரிங்கிங் சாக்லேட் பவுடர் வேண்டவே வேண்டாம், அதில் பாதிக்கு மேல் சர்க்கரை)
கொதிக்கும் தண்ணீர் 60 மில்லி
உப்பில்லாத வெண்ணெய் 20 கிராம்
பொடித்த எரித்ரிட்டால் 30 கிராம்
35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 200 மில்லி
உப்பு ஒரு சிட்டிகை, கெட்டி டிகாஷன் 1 தேக்கரண்டி

கோகோவைச் சலித்து, கொதிக்கிற தண்ணீரை விட்டுக் கட்டியில்லாமல் குழைக்கணும். சூடு பட்டால்தான் கோகோவின் மணம் எழும்பும். பச்சையாகக் கிரீமில் தூவினால் மாவு வாசனை அடிக்கும். சூடு ஆறுவதற்குள் எரித்ரிட்டால், வெண்ணெய், உப்பு, டிகாஷன் எல்லாம் சேர்த்துக் கலக்குங்க. இனிப்பு கரைந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு சொட்டு எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்க. ஒரு பொடி தட்டுப்பட்டாலும் பாத்திரத்தை வெந்நீர் மேல் வைத்து இன்னும் 2 நிமிடம் கிளறணும்.

விழுது கைச்சூட்டுக்கு ஆறட்டும். அடித்த கிரீமில் கால் பங்கை முதலில் போட்டுத் தாராளமாகக் கலந்து விழுதை இளக்குங்க. மீதியை அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துச் சேர்க்கணும். விழுது சூடாக இருந்தால் கிரீம் உருகிக் காற்றெல்லாம் போய்விடும்.

எரித்ரிட்டாலைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் ஒரு கிண்ணத்துக்கு நிகர மாவுச்சத்து (நார்ச்சத்தைக் கழித்தது) சுமார் 3 கிராம்.

வெண்ணெய்த்தாழி:

கிரீம் எழும்பாததற்குக் கொழுப்பு போதாததுதான் காரணமாக இருக்கும். ஃபிரெஷ் கிரீம் என்று சின்ன அட்டைப் பெட்டியில் வருவதில் பொதுவாக 25 சதவீதம்தான் கொழுப்பு. அது குழம்பில் ஊற்றத் தோது, அடித்தால் நிற்காது. குறைந்தது 30, நல்லது 35. பேக்கரிக் கடைகளில் கிடைக்கும் நான்-டெய்ரி விப்பிங் கிரீம் பிரமாதமாக எழும்பும். ஆனால் பெரும்பாலானவற்றில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கும். பாலேட்டைச் சேர்த்து வைத்து அடிக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அடித்தால் வெண்ணெய்தான் திரளும்.

நம்ம ஊர் வெக்கையில் இன்னொன்றையும் பார்க்கணும். கிரீம், பாத்திரம், பீட்டர் கம்பி மூன்றையும் ஃபிரிட்ஜில் குளிர வைத்து, ஐஸ் தண்ணீர்த் தட்டின் மேல் பாத்திரத்தை வைத்து அடியுங்க. கொழுப்பு இறுகியிருந்தால்தான் காற்றுக் குமிழைப் பிடித்து நிறுத்தும். கம்பியைத் தூக்கினால் நுனி மெல்ல வளைந்து விழுகிற பதம் போதும். அதைத் தாண்டி ரவை ரவையாகத் தெரிய ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, அடிக்காத குளிர்ந்த கிரீம் 2 மேசைக்கரண்டி விட்டுக் கையால் கிளறினால் மீளும். மோர் பிரிந்துவிட்டால் மீளாது.

தேங்காய்க்கீற்று:

பால் பொருள் ஆகாதவர்களுக்குத் தேங்காய்ப்பாலில் செய்யலாம். மூஸ் மாதிரி நுரைக்காது, மெத்தென்ற புட்டிங்காக வரும். கெட்டியான முதல் பால் 300 மில்லி, கோகோ 25 கிராம், எரித்ரிட்டால் 35 கிராம், கடற்பாசித் தூள் (அகர் அகர்) 2 கிராம், தண்ணீர் 100 மில்லி.

கடற்பாசியைத் தண்ணீரில் போட்டு 2, 3 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடணும். வெறுமனே சூடாக்கினால் கரையாது. இதைக் குளிர்ந்த தேங்காய்ப்பாலில் ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே நூல் நூலாக உறைந்துவிடும். அதனால் பாலில் கோகோவையும் இனிப்பையும் கலந்து, ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கி வைத்துக்கொண்டு ஊற்றுங்க. பாலைக் கொதிக்க விட்டால் எண்ணெய் பிரியும். கலந்ததும் கிண்ணத்தில் ஊற்றினால் கோகோ அடியில் படியும். லேசாகக் கெட்டிப்படுகிறவரை கிளறிவிட்டு ஊற்றணும். ஆனால் 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பாத்திரத்திலேயே உறையத் தொடங்கும், அசந்துவிடாதீங்க.

அடுக்கடுக்காய்:

நன்றி. நறநறத்த மூஸ் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. மீட்க வழி உண்டா? கோகோவுக்குப் பதில் கடைச் சாக்லேட்டை உருக்கிச் சேர்க்கலாமா?

கோகோவாசம்:

மூஸாக மீளாது, புட்டிங் ஆக்கலாம். தண்ணீர் 100 மில்லியில் கடற்பாசி 2 கிராமைக் கொதிக்கவைத்துத் தனியாக வையுங்க. மூஸுடன் இன்னொரு 100 மில்லி கிரீம் சேர்த்து, வெந்நீர் மேல் வைத்து, விரலில் மணல் தட்டுப்படாமல் போகும் வரை இளக்குங்க. அதில் கடற்பாசித் தண்ணீரைச் சூடாகவே ஊற்றிக் கலந்து கிண்ணங்களில் விடுங்க. தண்ணீர் கூடிவிட்டதால் படிகம் அவ்வளவாகத் திரும்பாது.

சாக்லேட் சேர்ப்பதானால் கோகோ 85 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதை வாங்கி, லேபிளைப் படியுங்க. அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடக்கம், அதைக் கழிக்கலாம். ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து தனிக்கணக்கு. அங்கேயும் கழித்தால் கணக்கு தப்பும். 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் பின்பக்கம் மால்டிட்டால் என்ற இனிப்பின் பெயரோ அதைக் குறிக்கும் 965 என்ற எண்ணோ இருக்கிறதா பாருங்க. சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் அது இரத்தச் சர்க்கரையை ஏற்றும், கொஞ்சம் கூடினால் வயிற்றையும் கலக்கும். எரித்ரிட்டாலின் எண் 968.

எரித்ரிட்டால் பற்றியும் ஒன்று சொல்லணும். இரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலாக வந்ததை 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் இதய நோய் உள்ளவர்கள் தினசரி சாப்பிடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வெண்ணெய்த்தாழி:

கிண்ணத்தை மூடி வைக்க மறக்காதீங்க. கிரீம் பக்கத்தில் இருக்கும் வெங்காய வாசனையை ஒரே ராத்திரியில் இழுத்துக்கொள்ளும். பரிமாறுவதற்கு 10 நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் இனிப்பு நாக்குக்கு இன்னும் தெரியும், ஸ்டீவியா துளியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.