மைக் லீச்: கல்லூரியில் ஃபுட்பால் ஆடாத ஒருவர் ஆஃபென்ஸ் கோச் ஆனது எப்படி?

சனிக்கிழமை_ரசிகன்:
அமெரிக்கன் ஃபுட்பால் கோச் மைக் லீச் கல்லூரி அணியில் ஆடியதே கிடையாது, படிச்சது சட்டம். அப்படிப்பட்டவர் எப்படி ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (பந்து வச்சிருக்கும்போது ஆடற ஆட்டத்தைத் திட்டமிடற கோச்) ஆகி, அப்புறம் மூணு பெரிய கல்லூரிகளுக்கு ஹெட் கோச்சா போனார்? வழக்கமான ஏணி என்ன, அவர் எந்தப் படியில கால் வச்சார்? இன்னொண்ணு, அவரோட ஆஃபென்ஸ் முறையான ஏர் ரெய்டுன்னா "எப்பவும் பாஸ் போடு"ன்னு சொல்லி முடிச்சிடறாங்க. உள்ளே உண்மையில என்ன இருக்கு? குவார்ட்டர்பேக், ரிசீவர், டவுன் எல்லாம் தெரியும், அங்கேருந்து ஆரம்பிச்சா போதும்.

ஹாஷ்மார்க்:
வழக்கமான ஏணி: முதலில் கிராஜுவேட் அசிஸ்டென்ட் (மேல்படிப்பு படித்தபடியே உதவுபவர்), அடுத்து பொசிஷன் கோச் (ரிசீவர், லைன் என ஏதாவது ஒரு பிரிவு மட்டும்), பிறகு கோஆர்டினேட்டர், கடைசியில் ஹெட் கோச். கீழ்ப்படியில் சம்பளம் பேருக்குத்தான். எதிரணி வீடியோவை வெட்டி அடுக்குவதிலேயே பாதி நாள் போய்விடும். முன்னாள் வீரர் என்றால் இந்தப் படிக்குள் நுழைவது எளிது. லீச்சிடம் அந்தச் சீட்டு இல்லை, அதனால் யாரும் எட்டிப் பார்க்காத ஊர்களில் தொடங்கினார்.

1983-ல் பிரிகாம் யங் பல்கலையில் பட்டம், 1986-ல் பெப்பர்டைனில் சட்டம். 1987-ல் கால் பாலி, 1988-ல் காலேஜ் ஆஃப் தி டெசர்ட், 1989-ல் ஃபின்லாந்தில் போரி பேர்ஸ் அணிக்கு ஹெட் கோச். அதே வருடம் அயோவா வெஸ்லியனில் ஹால் மம்மியிடம் (பேரே அதுதான், சிரிக்காதீர்கள்) சேர்ந்தார். திருப்புமுனை அங்கேதான். மம்மி ஹெட் கோச், லீச் கோஆர்டினேட்டர். 1992 முதல் 96 வரை வால்டோஸ்டா ஸ்டேட், 1997-98 கென்டக்கி என்று மம்மி போன இடமெல்லாம் லீச்சும் போனார். ஹெட் கோச் ஊர் மாறினால் உதவியாளர்களும் கூடவே மூட்டை கட்டுவது இந்தத் தொழிலில் சகஜம்.

கென்டக்கியில் அவர்களிடம் ஆடிய டிம் கௌச் 1999 என்.எஃப்.எல். டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகத் தேர்வானார். ஆனால் அடுத்த வேலையை வாங்கிக் கொடுத்தது எதிரணி. ஃப்ளோரிடாவில் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்து மம்மி-லீச் ஜோடியின் ஏர் ரெய்டைத் தடுக்கத் திண்டாடிய பாப் ஸ்டூப்ஸ், ஓக்லஹோமாவுக்கு ஹெட் கோச்சாகப் போனதும் லீச்சைக் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே ஒரே சீசன், 1999. யூட்டாவில் ஜூனியர் காலேஜில் ஆடிக்கொண்டிருந்த ஜாஷ் ஹைப்பலைக் கொண்டுவந்தார். 2000-ல் ஓக்லஹோமா தேசிய சாம்பியன் ஆனபோது குவார்ட்டர்பேக் ஹைப்பல்தான்; லீச் அதற்குள் டெக்சஸ் டெக்கில் ஹெட் கோச். 2009 வரை அங்கே 84 வெற்றி, 43 தோல்வி. பிறகு வாஷிங்டன் ஸ்டேட் 2012-19, மிசிசிப்பி ஸ்டேட் 2020 முதல் 2022 டிசம்பர் 12 அன்று இறக்கும்வரை.

பிளைண்ட்சைடு:
ரெண்டாவது கேள்விக்கு நான் வரேன். ஏர் ரெய்டோட ரகசியம் பாஸ் எண்ணிக்கை இல்லை, பிளேக்கள் (முன்கூட்டியே பழகி வச்ச ஆட்டத் திட்டங்கள்) குறைவா இருக்கறதுதான். நாலு வெர்டிகல்ஸ், மெஷ், ஒய்-கிராஸ், ஷாலோ, ஸ்டிக்னு கைவிரல்ல எண்ணிடலாம். இதுல பலதும் லவெல் எட்வர்ட்ஸ் கோச்சா இருந்த காலத்து பிரிகாம் யங்ல இருந்து எடுத்தது. ஒரே பிளேயை வேற வேற ஃபார்மேஷன்ல நின்னு ஆடுவாங்க. எதிரணிக்கு அது புதுசு, நம்ம பசங்களுக்குப் பழகினது.

மெஷ்ஷை மட்டும் கிட்டக்கப் பாருங்க. ரெண்டு ரிசீவர் எதிரெதிர்ப் பக்கத்துல இருந்து மைதானத்துக்குக் குறுக்கே ஓடறாங்க. ஒய்ங்கற ரிசீவர் சுமார் 6 கஜ ஆழத்துல போய் எங்கே கடக்கணும்னு தீர்மானிக்கிறார், எக்ஸ்ங்கற இன்னொருத்தர் அவருக்குக் கீழே நுழையறார். கடக்கும்போது கையைத் தட்டிக்கற அளவு நெருக்கம் வேணும். அங்கே ஒரு கஜம் இடைவெளி விட்டாலும் துரத்தி வர டிஃபெண்டர் நடுவுல புகுந்துடுவார், பிளே செத்துச்சு. அதுக்காக ரிசீவரே டிஃபெண்டர் மேல போய் மோதினா 15 கஜம் பெனால்டி. நேரா ஆள் பிடிச்சு வரும் டிஃபென்ஸ்னா நிக்காம ஓடணும், ஆளை விட்டு இடத்தைக் காக்கற ஸோன்னா கடந்த உடனே காலி இடத்துல நின்னு திரும்பணும். இதை ரிசீவரே ஓடிக்கிட்டே முடிவு பண்ணணும். குவார்ட்டர்பேக் முதல்ல மேலே கார்னர் ரூட்டை (மூலையை நோக்கி ரிசீவர் ஓடற பாதை) ஒரு பார்வை, அப்புறம் மெஷ், கடைசியா வெளிப்பக்கம் போற ரன்னிங் பேக்.

குவார்ட்டர்பேக்குக்கு முன்னால நின்னு காக்கற லைன்ல சாதாரணமா ரெண்டு பேருக்கு நடுவுல 2 அடி இருக்கும். லீச் 3 அடியும் அதுக்கு மேலயும் விடுவார். ஓரத்துல நிக்கற டிஃபென்சிவ் எண்ட் அவ்வளவு தூரம் தள்ளிப் போயிடறார், சுத்தி வந்து சேர்றதுக்குள்ள பந்து கையை விட்டுப் போயிடும். ஆபத்து நடுவுல: லைனோட நடு ஆளான சென்டருக்கும் அவர் பக்கத்துல நிக்கற கார்டுக்கும் இடையில பிளிட்ஸ் (கூடுதல் டிஃபெண்டர் பாயறது) வந்தா வாசல் திறந்தே கிடக்கும்.

பயிற்சியும் இப்படித்தான். ரூட்ஸ் ஆன் ஏர்னு ஒரு டிரில்: டிஃபென்ஸ் கிடையாது, குவார்ட்டர்பேக்குகள் வரிசையா நின்னு ஒரே நேரத்துல ஆளுக்கொரு ரூட்டுக்கு எறிவாங்க, முடிஞ்சதும் இடம் மாறுவாங்க. யாரும் ஓரமா நின்னு வேடிக்கை பார்க்க முடியாது.

நாலாவது_டவுன்:
ஓக்லஹோமா கதையில் ஒன்று விட்டுப்போச்சு. 1999 டெக்சஸ் மேட்சுக்கு முன்னால் லீச் ஒரு பொய்யான பிளே பட்டியல் எழுதி, எதிரணி கையில் சிக்கும்படி மைதானத்தில் போடவைத்தார். டெக்சஸ் அதை நம்பியது, ஓக்லஹோமா 17-0 முன்னிலை. ஆனால் கடைசியில் 38-28 என்று டெக்சஸ்தான் ஜெயித்தது. இதைச் சொல்கிறவர்கள் அந்தப் பாதியை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை_ரசிகன்:
அருமை, ரெண்டு பேருக்கும் நன்றி. அப்படின்னா இவரைத் தடுக்க வழியே இல்லையா?

பிளைண்ட்சைடு:
இருக்கு, ரொம்ப சிம்பிள். குவார்ட்டர்பேக் மேல மூணு பேரை மட்டும் பாய விட்டு எட்டுப் பேரைப் பின்னால நிறுத்தறது. அஞ்சு ரிசீவருக்கு எட்டுப் பேர், அப்போ மெஷ்ல கடந்து நிக்கற காலி இடமே இருக்காது. வாஷிங்டன் பல்கலை இதை வச்சே அவரோட வாஷிங்டன் ஸ்டேட்டை வருஷா வருஷம் கட்டிப் போட்டுச்சு.

2020-ல மூணே வாரத்துல முழுப் பாடமும் கிடைச்சுது. முதல் மேட்ச்ல எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) ஆள் பிடிச்சு ஆடினாங்க. மிசிசிப்பி ஸ்டேட்டோட கே.ஜே. காஸ்டெல்லோ 623 கஜம் எறிஞ்சார், அவங்க ஆடற எஸ்.இ.சி. லீக்ல சாதனை, 44-34 வெற்றி. அடுத்த வாரம் அர்கன்சாஸ் எட்டுப் பேரை இறக்கினாங்க, 21-14 தோல்வி. அதுக்கடுத்து கென்டக்கி ஆறு இன்டர்செப்ஷன் (எதிரணி எறிஞ்ச பந்தைப் பிடிக்கறது) எடுத்து 24-2-ன்னு ஜெயிச்சாங்க. அந்த 2 கூட சேஃப்டில (எதிரணி தன் கோல் பகுதியிலேயே மாட்டினா கிடைக்கற புள்ளி) வந்தது, ஆஃபென்ஸ் போட்டது சைபர். பதில் என்னன்னா, முன்னால ஆள் குறைவா நின்னா பந்தைக் கையில கொடுத்து ஓட விடணும். அந்த விஷயத்துல லீச் பிடிவாதக்காரர். லிங்கன் ரைலி மாதிரி அவர்கிட்ட வளர்ந்தவங்க அதே பாஸ் பிளேக்களோட கனமான ரன் கேமைச் சேர்த்துக்கிட்டாங்க.

ஹாஷ்மார்க்:
அதே பிடிவாதத்தின் விலை கணக்கிலும் தெரியும். மொத்தம் 158 வெற்றி, 107 தோல்வி, அதாவது 59.6 சதவீதம். கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு கோச்சுகளுக்கு 60 சதவீத வெற்றி வேண்டியிருந்தது, மயிரிழையில் வெளியே நின்றார். 2025-ல் அந்த வரம்பை 59.5 ஆக இறக்கிவிட்டார்கள். 2027 பட்டியலில் இருந்து அவர் பெயரைப் பரிசீலிக்கலாம்.