ஹோவா மினி ரைஃபிளுக்கு எந்த ஸ்டாக் போடலாம்? பைபாட்ல வச்சா குண்டு வேற எங்கயோ போகுது

குட்டிபோல்ட்:
வணக்கம் மக்களே. டல்லாஸ் பக்கம் இருக்கேன். போன வருஷம் ஹோவா மினி ஆக்‌ஷன்ல (குண்ட ஏத்தி பூட்டற நடு பாகம்) 6.5 கிரெண்டல் குண்டுக்கு, 20 இஞ்ச் ஹெவி பேரல், ஸ்டாக் (தோள்ல வச்சு புடிக்கற கட்டை) இல்லாம வெறும் ஆக்‌ஷனும் பேரலுமா வாங்கினேன். ட்ரிகர் மாத்தி, போல்ட் குமிழ் மாத்தி, ஸ்கோப் ஏத்தி, நாமளே ஒரு குட்டி ரைஃபிள் கட்டிட்டோம்னு ஒரே பெருமை. ஸ்டாக்க மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், அதுதான் இப்ப உயிர எடுக்குது. கன் ஷோல ஒரு பெரியவர்கிட்ட மினிக்குன்னே உள்ள பழைய பிளாஸ்டிக் ஸ்டாக் 60 டாலருக்கு கெடச்சுது, அதுலதான் இவ்ளோ நாள் ஓட்டிட்டிருக்கேன்.

பிரச்சினை என்னன்னா, மணல் மூட்டை மேல வச்சு 100 கெஜத்துல சுட்டா 3 குண்டும் ஒரு இஞ்சுக்குள்ள விழுது. அதே நாள், அதே 123 கிரெய்ன் எடை குண்டு, பைபாட் (முன்னாடி மாட்டற ரெண்டு கால்) மாட்டி சுட்டா 3 இஞ்சுக்கு செதறுது, மொத்த குரூப்பும் 2 இஞ்ச் மேல ஏறிடுது. ஸ்கோப் போச்சோன்னு பயந்து அதையும் மாத்தி பாத்தாச்சு, அதே கதைதான்.

எப்படியும் ஸ்டாக் மாத்தணும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார்பன் ஃபைபர் ஸ்டாக் 300 டாலருக்கு வருது, ஹோவா 1500 ஷார்ட் ஆக்‌ஷனுக்குன்னு போட்டிருக்கு. எடுத்துடலாமா? நாளைக்குள்ள சொல்லணுமாம். எனக்கு 5 அடி 5, வீட்டுக்காரி 5 அடி 2, ரெண்டு பேருமே சுடுவோம். வேலை முக்கியமா பன்னி வேட்டை, ஃப்ரெண்டோட நிலத்துல.

மரத்தூள்:
எடுக்காதீங்க எடுக்காதீங்க. மினியும் 1500 ஷார்ட் ஆக்‌ஷனும் ஒண்ணு இல்ல ப்ரோ, பேர்தான் ஒரே குடும்பம். 308 மாதிரி குண்டு முழுசா 2.8 இஞ்ச் வரும், உங்க கிரெண்டல் 2.26 தான், அதுக்கேத்த மாதிரி ஆக்‌ஷனையே குட்டையா பண்ணிட்டான், அதனால ஸ்க்ரூ ஓட்டைக்கு நடுவுல உள்ள தூரம், மேகசின் வாசல், போல்ட் கைப்பிடி விழற பள்ளம் எல்லாமே வேற எடத்துல இருக்கும். கார்பன்ல அதெல்லாம் மூடி திருப்பி வெட்டறதுக்கு ஆகுற காசுல புதுசே வாங்கிடலாம். அப்புறம் மினிக்குன்னு போட்டிருந்தாலும் பேரல் எந்த சைஸ்னு கேளுங்க, மெல்லிசு பேரலுக்கு வெட்டின பள்ளத்துல உங்க ஹெவி பேரல் எறங்காது.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. நோய் என்னன்னு பாக்காம மருந்து வாங்காதீங்க. சேம்பர் காலியான்னு ரெண்டு தடவ பாத்துட்டு போல்ட்ட கழட்டி ஓரமா வச்சுடுங்க. ஒரு டாலர் நோட்ட பேரலுக்கும் ஃபோர்எண்டுக்கும் (ஸ்டாக்கோட முன் பாகம்) நடுவுல விட்டு பின்னாடி ஆக்‌ஷன் வரைக்கும் இழுங்க. மொதல்ல மணல் மூட்டைல வச்சு. அப்புறம் பைபாட்ல வச்சு, நீங்க சுடும்போது தோள்ல எப்படி முன்னாடி அழுத்துவீங்களோ அதே மாதிரி அழுத்திட்டு. என்ன ஆகுதுன்னு வந்து சொல்லுங்க.

காத்திருப்போன்:
இழைய திருப்பறேன்னு திட்டாதீங்க. நான் எச்1பி, இப்பதான் ஆசை வந்திருக்கு. டெக்சாஸ்ல பன்னிக்கு லைசன்ஸே வேணாம்னு ஆபிஸ்ல ஒருத்தர் சொல்றார், அப்ப நேரா போய் துப்பாக்கி வாங்கிடலாமா?

மரத்தூள்:
தம்பி, ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க. தனியார் நிலத்துல ஓனர் சம்மதத்தோட காட்டுப்பன்னி சுட ஹன்டிங் லைசன்ஸ் தேவையில்லன்னு 2019 செப்டம்பர்ல இருந்து மாநில சட்டம், சரி. ஆனா எச்1பி மாதிரி விசால உள்ளவங்க துப்பாக்கி வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி தடை, அதுல உள்ள விலக்குல ஒண்ணுதான் செல்லுபடியாகற ஹன்டிங் லைசன்ஸ். அதனால பன்னிக்கு வேணாம், உங்களுக்கு வேணும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க அட்டர்னிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, இதுல தப்பு பண்ணா கிரீன் கார்டு கனவே போயிடும்.

குட்டிபோல்ட்:
அண்ணா நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். மணல் மூட்டைல நோட்டு வெண்ணெய் மாதிரி போச்சு. பைபாட் மேல அழுத்தினதும் முன் நுனியில இருந்து மூணு இஞ்ச்லயே ஜார்ஜ் வாஷிங்டன் மாட்டிக்கிட்டார், இழுத்தா கிழியும் போல இருந்துச்சு. வீட்டுக்காரிய பக்கத்துல உக்காந்து பாக்க சொன்னேன், நீ அழுத்தும்போது அந்த பிளாஸ்டிக் மூக்கு மேல வளைஞ்சு பேரல முட்டுறது கண்ணுக்கே தெரியுதுங்கறா. ஒரு வருஷமா ஸ்கோப்ப திட்டிட்டிருந்தேன்!

மரத்தூள்:
அவ்ளோதான் விஷயம். பேரல் சுடும்போது அதிரும், அந்த அதிர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தாதான் குண்டு ஒரே எடத்துக்கு போகும். கீழ இருந்து ஃபோர்எண்ட் ஒரு தடவ முட்டி ஒரு தடவ முட்டாம இருந்தா செதறும், முட்டித் தள்ளறதுனாலதான் குரூப் மேல ஏறுது.

இன்னொரு டெஸ்டும் பண்ணிடுங்க. ரைஃபிள நிமிர்த்தி நிக்க வச்சு, பேரலும் ஃபோர்எண்ட் நுனியும் சேர்ற எடத்துல ஆள்காட்டி விரல ரெண்டு மேலயும் படற மாதிரி வச்சுக்கிட்டு, முன் ஆக்‌ஷன் ஸ்க்ரூவ மெல்ல லூஸ் பண்ணி டைட் பண்ணுங்க. பேரல் நகர்றது விரல்ல தெரிஞ்சா ஆக்‌ஷன் உள்ள சமமா உக்காரல, ஸ்க்ரூ அத வளைச்சு புடிச்சிருக்குன்னு அர்த்தம். புது ஸ்டாக் வந்ததும் இதையே மறுபடி பண்ணுங்க.

கொங்குப்ரோன்:
நான் கோயம்புத்தூர். உங்க ஊர் பன்னிய பத்தியெல்லாம் தெரியாது, ரைஃபிள் கிளப்ல .22-ல 50 மீட்டர் ப்ரோன் (குப்புற படுத்து) சுடறவன். எங்களுக்கு பத்து மார்க் வட்டம் 10.4 மில்லிமீட்டர்ங்க, சட்டை பட்டன் அளவு. அதனால ஸ்டாக் உடம்புக்கு பொருந்தறதுதான் எங்களுக்கு பாதி வித்தை, அத யாருமே இங்க பேசலயேன்னு எழுதறேன்.

கண்ண மூடிக்கிட்டு காலி ரைஃபிள தோள்ல வச்சு கன்னத்த ஸ்டாக்ல சாய்ச்சுடுங்க, அப்புறம் கண்ண தெறங்க. ஸ்கோப்ல முழு வட்டம் தெரியணும். கழுத்த தூக்கி தேடினா கன்னம் வைக்கற எடம் தாழ்வா இருக்கு, ஓரத்துல கருப்பு நிழல் வந்தா ஸ்கோப்பும் கண்ணும் தூரம் தப்பு. உங்க பழைய ஸ்டாக்ல நீங்க தாடையத்தான் வச்சிருப்பீங்கன்னு நெனைக்கறேனுங்க, ஹெவி பேரலுக்காக ஸ்கோப் உயரமா ஏத்தியிருப்பீங்கல்ல? நீளமும் பாருங்க, ட்ரிகர்ல இருந்து பின் முனை வரைக்கும் பொதுவா 13.5 இஞ்ச் வச்சு செய்வாங்க, உங்க வீட்டம்மாவுக்கு 12.5 பக்கம் வந்தாதான் முழங்கை நீட்டாம சுட வரும். ரெண்டு பேர் சுடறீங்கன்னா அளவு மாத்தற மாதிரி வாங்குங்க, இல்லன்னா சண்டைதான்.

குட்டிபோல்ட்:
தாடையே தான் அண்ணா! எப்படி கண்டுபுடிச்சீங்க.

சேசிஸ்சாமி:
ஏன் இவ்ளோ யோசிக்கறீங்க, மினிக்கு எம்டிடி ஓரிக்ஸ்னு ஒரு சேசிஸ் (ஸ்டாக்குக்கு பதிலா போடற உலோக சட்டம்) இருக்கு, அலுமினியம், ஃபோர்எண்ட் வளையற பேச்சே இல்ல, பெட்டிங் (ஆக்‌ஷன் சரியா உக்கார ஸ்டாக்குக்குள்ள எபாக்சி பசை ஊத்தறது) வேணாம், ஸ்க்ரூ 65 இஞ்ச்-பவுண்டு வச்சு முறுக்கிட்டு சுட போங்க. கன்ன மேடு ஏத்தி எறக்கலாம். எந்த மேகசின் போகும்னு மட்டும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க, கைல உள்ளது எல்லா சேசிஸ்லயும் போகாது.

மரத்தூள்:
சாமி சொல்றது சரிதான், ஆனா அது ஒண்ணே கிட்டத்தட்ட 4 பவுண்டு. குட்டி ஆக்‌ஷன் வாங்கினதே கையடக்கமா இருக்கணும்னுதானே. ஜனவரில காலைல 5 மணிக்கு அந்த குளுர்ல அலுமினியத்த கையில புடிச்சு பாத்திருக்கீங்களா சாமி?

சேசிஸ்சாமி:
க்ளவுஸ்னு ஒண்ணு கண்டுபுடிச்சிருக்காங்க அண்ணே 😄

மரத்தூள்:
குட்டிபோல்ட், பன்னிக்கு பரண்ல உக்காந்து காத்திருப்பீங்களா, நடந்து தேடுவீங்களா? மைல் கணக்கா நடந்தா கார்பனுக்கு காசு போடுங்க, மினிக்குன்னு வெட்டினதா பாத்து. பரண்னா லேமினேட் மரம் போதும். சவுத் டகோட்டால பாய்ட்ஸ்னு ஒரு கம்பெனி மினிக்கு பண்றான், அட்-ஒன்னு ஒரு மாடல், பட்டன அமுக்கினா நீளமும் கன்ன மேடும் மாறும், கோயம்புத்தூர் தம்பி சொன்னதுக்கு சரியா வரும். கொஞ்சம் கனம்தான், ஆனா தகடு தகடா ஒட்டின மரம், மழைக்கும் வெயிலுக்கும் சாதா மரம் மாதிரி முறுக்கிக்காது. மரத்துல 65 வச்சு முறுக்கி நசுக்கிடாதீங்க, 40 பக்கம் போதும். ஸ்டாக் மாத்தினா ஸ்க்ரூ நீளமும் பாருங்க, நீண்டிருந்தா உள்ள போய் போல்ட்ட முட்டும்.

எபாக்சி பெட்டிங் பண்ணா இன்னும் நல்லது. ரீகாயில் லக்குக்கு (சுடும்போது பின்னுதைய ஸ்டாக்குக்கு தாங்கிக் குடுக்கற அடி முட்டு) முன்னாடி, ரெண்டு பக்கம், அடி எல்லாத்துலயும் டேப் ஒட்டுங்க, பின் முகம் மட்டும்தான் எபாக்சில அழுந்தணும். ஸ்க்ரூ ஓட்டைய களிமண் வச்சு அடைங்க. இரும்பு மேல பூரா மெழுகு தடவுங்க, மறந்துடாதீங்க. நான் மொத தடவ ஒரு விரல் அகலத்துல தடவாம விட்டுட்டு, மறுநாள் ரைஃபிளும் ஸ்டாக்கும் ஒரே பொருளாயிடுச்சு. ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வச்சுதான் பிரிச்சேன், அதுக்காக வெளிய எடுத்து வச்ச தேங்காத்துருவல் புளிச்சுப்போய் வீட்ல ஒரு வாரம் எனக்கு சட்னி கெடையாது.

குட்டிபோல்ட்:
ரெண்டு மாசம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். பரண்தான்னு முடிவு பண்ணி நீளம் மாத்தற லேமினேட் வாங்கினேன், அந்த 300 டாலர் கார்பன விட்டுட்டேன். மூணு கோட் மெழுகு போட்டு பெட்டிங் பண்ணேன், தட்டினதும் டக்னு வந்துடுச்சு. விரல் டெஸ்ட்ல பேரல் அசையவே இல்ல, நோட்டு பைபாட்லயும் ஆக்‌ஷன் வரைக்கும் போகுது.

நேத்து 100 கெஜத்துல மூட்டைலயும் ஒரு இஞ்ச், பைபாட்லயும் ஒரு இஞ்ச், ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் அரை இஞ்ச் கூட இல்ல. வீட்டுக்காரி 12.5-ல வச்சு முக்கா இஞ்ச் போட்டுட்டா, அந்த பேப்பர் இப்ப ஃப்ரிட்ஜ் கதவுல தொங்குது.

ஒரே ஒரு சந்தேகம். எபாக்சி ஒரு சொட்டு மேகசின் வாசல்ல வழிஞ்சு காஞ்சிருக்கு போல, நான் கவனிக்கல, மேகசின் கடைசி கால் இஞ்ச் இறுக்கமா போகுது. சாண்ட் பேப்பர் போடலாமா?

மரத்தூள்:
வேணாம், சுத்தியிருக்கற மரத்தையும் சேத்து தேய்ச்சுடுவீங்க. மேகசின் பக்கவாட்டுல மார்க்கர் பேனாவால கருப்பு பூசி உள்ள தள்ளி எடுங்க, மை எங்க ஒட்டுதோ அங்கதான் அந்த சொட்டு. கூரான உளி நுனியால அத மட்டும் சீவுங்க.