கத்தோலிக்க வானொலிப் பணியில் உங்களுக்குக் கைகொடுத்தவர்கள்: அனுபவங்களைப் பகிருங்கள்

ஒலிக்கூடத்தான்:

நான்கே பேர் இருக்கும் ஒரு சிறிய கத்தோலிக்க வானொலியில் தொழில்நுட்ப வேலை பார்க்கிறேன். ஒலிபரப்பில் சத்தம் நின்றுபோனால் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. 30 விநாடி எதுவும் கேட்கவில்லை என்றால், கோளாறு என்று எடுத்துக்கொண்டு பதிவுசெய்து வைத்த இசையையோ நிகழ்ச்சி விளம்பரத்தையோ தானாக ஓட்டிவிடும். ஆளில்லாத இரவுகளில் அது பெரிய துணை. ஆனால் ஞாயிறு திருப்பலி நேரலையில், நற்கருணை வாங்கியபின் எல்லாரும் மௌனமாகச் செபிப்பார்களே, சரியாக அந்த நேரத்தில் நிகழ்ச்சி விளம்பரத்தை அலறவிட்டது. அடுத்தடுத்து மூன்று ஞாயிறு இப்படி. கருவியை விற்றவர்களிடம் கேட்டேன். வானொலியில் வேண்டுமென்றே யாராவது மௌனத்தை ஒலிபரப்புவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

அப்புறம் கத்தோலிக்க ஒலிபரப்பாளர்களின் பயிற்சி நாள் ஒன்றில், வேறொரு நிலையத்தின் வயதான சிஸ்டர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். "எங்களுக்கும் நடந்ததுதான் தம்பி. திருப்பலி நேரத்துக்கு மட்டும் அந்த 30 விநாடியை 4 நிமிஷமாக மாற்றி வை. அதைவிட முக்கியம், கோவிலுக்குள் உயரத்தில் இன்னொரு மைக் கட்டு."

பீடத்து மைக்கை அணைத்தால் நேயருக்குக் கேட்பது வெறும் வெற்று ஒலி. மேலே கட்டிய மைக்கில் ஓர் இருமல், ஒரு குழந்தையின் முனகல், முழங்காலிடும்போது பலகை கிறீச்சிடுவது எல்லாம் வருகிறது. மைக் கட்டிய முதல் ஞாயிறே, படுக்கையில் இருக்கும் ஓர் அம்மா அழைத்து, "இன்றைக்குத்தான் கோவிலுக்குள் இருந்த மாதிரி இருந்தது" என்றார். இந்தத் தீர்வு எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இதே வேலையில் இதே இடத்தில் திணறிய ஒருவரிடமிருந்துதான் கிடைத்தது.

காலைச் செபம்:

உண்மை ஐயா. எனக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் குரலே வரவில்லை. காலைச் செபத்துக்கு மாற்று ஆள் இல்லை. இன்னொரு நிலையத்துக்குத் தயக்கத்தோடுதான் செய்தி அனுப்பினேன். பழைய பதிவுகளை அனுப்பியிருந்தாலே நன்றி சொல்லியிருப்பேன். அவர்களோ எங்கள் நேயர்களின் செபக் கருத்துகளை, அதாவது எதற்காகச் செபிக்க வேண்டும் என்ற வேண்டுதல்களை, கேட்டு வாங்கி, தினமும் புதிதாகப் பதிவுசெய்து அனுப்பினார்கள்.

வானொலிப் பணி செய்யும் கத்தோலிக்கர்களுக்கான உலக அமைப்பு 1928இலேயே தொடங்கிவிட்டது. வத்திக்கான் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியதே 1931இல்தான். அந்த அமைப்புக்குப் பின்னால் வந்த பெயர் 'உண்டா' (Unda). அதற்கு லத்தீனில் அலை என்று பொருள். 2001இல் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்போடு இணைந்து சிக்னிஸ் ஆனது. ஆனால் உலக அமைப்பு இருப்பது மட்டும் போதாது. பக்கத்து நிலையத்தின் எண் நம் கைப்பேசியில் இருக்க வேண்டும் என்பதை அந்த வாரத்தில்தான் உணர்ந்தேன்.

சிற்றலை நேயர்:

நான் கேட்பவன் மட்டுமே. ஒரு நிலையத்துக்கு வருடக்கணக்கில் வரவேற்பறிக்கை எழுதினேன்: தேதி, நேரம், அலைவரிசை, ஒலி எவ்வளவு தெளிவு என்று. மாலையில் வேறொரு நிலையம் மேலே ஏறி அமுக்குகிறது என்று எழுதியதற்கு, அவர்களின் பொறியாளர் கைப்பட பதில் போட்டார். ரேடியோ வெரித்தாஸ் ஆசியா என்ற கத்தோலிக்க வானொலி 2018இல் சிற்றலையை நிறுத்தியபோது மிகவும் வருந்தினேன். அதற்கப்புறம், எனக்குத் தெரிந்த முதியவர்களுக்கு இணையத்தில் கேட்பது எப்படி என்று ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். நேயரும் தாங்கிப்பிடிக்க முடியும்.

தொலைபேசி மேசை:

ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றுசேர்வது என்றால் எல்லா நிலையமும் ஒரே நிகழ்ச்சியை ஓட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் நிலையமும் சில மாதம் நாள் முழுக்க அஞ்சல்தான் செய்தது, அதாவது வேறு நிலையத்தின் நிகழ்ச்சியை அப்படியே ஒலிபரப்பியது. செலவு குறைந்தது. ஓர் இரவு ஒருவர் அழைத்து, "இப்போது பேசிய ஃபாதரிடம் பேச வேண்டும், இன்றைக்கே" என்றார். அந்த ஃபாதர் எங்கோ, எப்போதோ பதிவுசெய்தது அது. அழைத்தவரின் குரலில் இருந்த தவிப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அன்று அவரோடு நானே பேசினேன், தெரிந்த மட்டும். பெரிய நிலையங்கள் நிகழ்ச்சி தரட்டும், கருவி தரட்டும், பயிற்சி தரட்டும். அழைப்பை எடுக்கும் ஆள் மட்டும் அந்தந்த நிலையத்தில்தான் இருக்க வேண்டும்.

ஒலிக்கூடத்தான்:

நாங்களும் இரவில் அஞ்சல்தான். அழைப்பை எடுக்க ஆளில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தொலைபேசி மேசை:

இரவு 9 முதல் 11 வரை தன்னார்வலர் இருவர், முறை வைத்து. அன்று ஓடப்போகும் மறையுரையை முன்கூட்டியே வாங்கிக் கேட்டுவிடுவார்கள். அவசரம் என்றால் எழுப்பலாம் என்று சொன்ன இரண்டு ஃபாதர்களின் எண்கள் மேசையிலேயே இருக்கும். மற்றவர்களின் செபக் கருத்துகளை நோட்டில் எழுதிக் காலையில் வாசிக்கிறோம். உங்களுக்கு ஆள் கிடைக்கும்வரை இரவு அழைப்புகளை எங்கள் மேசைக்குத் திருப்பிவிடுங்கள். உங்கள் நேயர்களுக்காக நோட்டில் தனிப்பக்கம் போட்டுவிடுகிறேன்.