பிள்ளை கையில் போன்: பூட்டி வைப்பதா, கொடுத்துப் பழக்குவதா? சேலம் பக்கத்துப் பெற்றோர் மூவரின் வாக்குவாதம்

செவ்வாய்ப்பேட்டைத் தகப்பன்: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனிடமிருந்து போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று 2024-இல் சட்டமே போட்டார்கள். 2025 டிசம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நமக்கு மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

அம்மாப்பேட்டைத் தறி: அண்ணா, அந்தச் சட்டம் பொறுப்பை நிறுவனங்களின் தலையில்தான் வைக்கிறது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அதில் தண்டனை கிடையாது. போனைப் பிடுங்கச் சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன், வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. 2020-இல் கொரோனாவால் பள்ளியை மூடியபோது, கடன் வாங்கி வாங்கியது அது. பூட்டி வைக்க எங்களிடம் பீரோவும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டைத் தகப்பன்: வீட்டுப்பாடம் பார்க்கப் பத்து நிமிடம் போதும் அம்மா. மீதி நேரமெல்லாம்? போன் விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அம்மாப்பேட்டைத் தறி: சேர்த்திருக்கிறது. ஆனால் தன்னை அடக்க முடியாமல், படிப்பும் உறவும் கெட்டு, பொதுவாக ஓராண்டாவது அப்படியே நீடித்தால்தான் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிறவனெல்லாம் நோயாளி ஆகிவிட மாட்டான்.

ஏற்காட்டுக்காரன்: எங்கள் காபித் தோட்டப் பக்கம் பல இடங்களில் சிக்னலே வராது. அதனால் பிள்ளைகள் ஞானியாகிவிடவில்லை. சிக்னல் கிடைக்கும் வளைவில் கும்பலாக நிற்கிறார்கள்! எனக்குப் பெரிய கவலை கண்தான். பகல் வெளிச்சத்தில் வெளியே ஆடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாளுக்கு இரண்டு மணி நேரமாவது வெளியே விடச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். பூட்டிய பிறகு பையன் எங்கே போகிறான் அண்ணா?

செவ்வாய்ப்பேட்டைத் தகப்பன்: எங்கே போவான்? லீ பஜார் மொத்தச் சந்தையில் லாரிகளுக்கு நடுவிலா பந்து அடிப்பான்? காந்தி மைதானத்துக்கு அழைத்துப் போக வேண்டுமானால் நான் கடையை மூட வேண்டும். டிவி பார்க்கிறான்.

அம்மாப்பேட்டைத் தறி: டிவியா! அதற்கு இந்தப் பூட்டு எதற்கு?

ஏற்காட்டுக்காரன்: எங்கள் வீட்டில் இரவு ஒன்பதுக்கு மேல் எல்லாருடைய போனும் சமையலறை அலமாரிக்குப் போய்விடும், என்னுடையது உட்பட. தூக்கமாவது தப்பிக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைத் தகப்பன்: எனக்கு ஆர்டர் வருவதே ஒன்பதுக்கு மேல்தான் தம்பி.

அம்மாப்பேட்டைத் தறி: உங்கள் மகனும் இப்படி ஏதாவது காரணம் சொல்லியிருப்பானே?

செவ்வாய்ப்பேட்டைத் தகப்பன்: சொல்லட்டும். அவனிடம் யாரும் மூட்டைக் கணக்குக் கேட்பதில்லை. அரையாண்டுத் தேர்வு முடியும்வரை பூட்டைத் திறக்க மாட்டேன்.