கடைசி நாளில் 73 அடித்தவர் ஜெயிக்கிறார், 66 அடித்தவர் தோற்கிறார்: அகஸ்டா கோல்ஃப் பற்றி ஒரு சந்தேகம்

கனிகாணும்நேரம் கேட்டது:

எனக்கு கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டு எதுவும் ஒழுங்காகத் தெரியாது. 2025 ஏப்ரல் 13 ராத்திரி தூக்கம் பிடிக்காமல் சானலை மாற்றிக்கொண்டே வந்தேன், மூன்று மணி வாக்கில் அமெரிக்காவில் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. ரோரி மெக்கில்ராய் என்று ஒருவர், ரொம்பச் சின்ன தூரத்திலிருந்து சும்மா தட்டி விடுவது போல ஒரு அடி அடித்தார், பந்து பச்சைப் புல்லில் விழாமல் வலது பக்கம் ஓடையில் போய் விழுந்தது. அவர் அப்படியே குனிந்து முழங்காலில் கை வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகு என்னால் டிவியை அணைக்க முடியவில்லை. எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம், மறுநாள் சித்திரை ஒன்று, அம்மா முந்தின ராத்திரியே கண்ணாடி, கொன்றைப்பூ, மாம்பழம் எல்லாம் எடுத்துக் கனி வைத்துவிட்டுத்தான் படுத்தார். விடிகாலையில் என்னை எழுப்ப வந்தால் நான் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன், திரையில் அந்த மனிதர் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்து அழுகிறார். அம்மாவும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், "யாருப்பா இது, என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதைத்தான் இங்கே கேட்கிறேன். ஒரே குழியில் 7 அடி போட்டவர், கடைசி நாளில் மொத்தம் 73 அடித்தவர் எப்படி ஜெயித்தார்? அன்றைக்கு 66 அடித்த ஜஸ்டின் ரோஸ் ஏன் தோற்றார்? ஜெயித்தவர் ஏன் அப்படி அழுதார்?

பார்எழுபத்திரண்டு எழுதியது:

முதலில் கணக்கு. இது ஒரு நாள் ஆட்டம் இல்லை, டெஸ்ட் மேட்ச் மாதிரி வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள், நாளுக்கு 18 குழி, எல்லா அடியையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள், குறைவாக அடித்தவர்தான் ஜெயிப்பார். மெக்கில்ராய் 72, 66, 66, 73. ரோஸ் 65, 71, 75, 66. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 277தான் வரும். அதனால்தான் 18ஆவது குழியை மறுபடி ஆடினார்கள், அதற்குப் பெயர் பிளேஆஃப். ரோஸைக் கீழே இறக்கியது சனிக்கிழமை அடித்த 75.

சரி, அழுகைக்கு வருகிறேன், அதற்கு 2011க்குப் போக வேண்டும். அப்போது மெக்கில்ராய்க்கு 21 வயது, இதே அகஸ்டா, இதே ஞாயிற்றுக்கிழமை, நான்கு அடி முன்னிலையோடு இறங்கினார். 10ஆவது குழியில் முதல் அடியே இடது பக்கம் மரங்களுக்குள் போய் அங்கே இருக்கும் தங்கும் வீடுகளுக்கு நடுவில் விழுந்தது, டிவியில் அந்த வீடுகளை அதற்கு முன் யாரும் பார்த்ததே இல்லை என்று சொல்வார்கள். அன்றைக்கு 80 அடித்தார். இரண்டு மாதத்திலேயே யுஎஸ் ஓபனை எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்துக் காட்டினார், 2012இல் பிஜிஏ, 2014இல் பிரிட்டிஷ் ஓபனும் பிஜிஏவும். கோல்ஃபில் பெரிய போட்டிகள் நான்கு, மேஜர் என்பார்கள், அதில் மூன்று வகை கைக்கு வந்தாயிற்று, பாக்கி மாஸ்டர்ஸ் ஒன்றுதான். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு மேஜரும் இல்லை, ஒவ்வொரு ஏப்ரலிலும் "இந்த வருஷமாவது?" என்ற ஒரே கேள்வி. 2024 ஜூனில் பைன்ஹர்ஸ்டில் கடைசி மூன்று குழிக்குள் குழிக்குள் உருட்டிவிடும் இரண்டு குட்டி அடியை, பட் என்பார்கள், தவறவிட்டு யுஎஸ் ஓபனை பிரைசன் டிஷாம்போவிடம் ஒரே அடி வித்தியாசத்தில் இழந்தார். இந்த ஞாயிறு அவரோடு ஜோடியாக ஆடியது யார் தெரியுமா? அதே டிஷாம்போ.

நீங்கள் பார்க்க ஆரம்பிப்பதற்கு முன்பே பாதி நாடகம் முடிந்துவிட்டது. நம் நேரத்துக்கு ராத்திரி 12 மணிக்குக் கடைசி ஜோடி தொடங்கியது. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு, அதுதான் பார்; அதில் ஒன்று குறைந்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. முதல் குழியிலேயே மெக்கில்ராய் டபுள் போகி, இரண்டு அடி முன்னிலை அங்கேயே காலி. இரண்டாவது குழி முடியும்போது டிஷாம்போ முன்னால். 3, 4 இரண்டிலும் இவர் பேர்டி, அவர் போகி, நிலைமை தலைகீழ். 10 முடிந்தபோது மைனஸ் 14, அதாவது மொத்தத்தில் பாரைவிட 14 அடி குறைவு, நான்கு அடி முன்னிலை. அந்த இடத்தில் நானே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன், இனி சும்மா நடந்து வந்தாலே போதும் என்று நினைத்தேன். அப்புறம்தான் 11இல் போகி, 13இல் நீங்கள் பார்த்த அந்த ஓடை, 14இல் இன்னொரு போகி.

பைதூக்கியவன் எழுதியது:

13ஆவது குழியைப் பற்றி நான் சொல்கிறேன். நான் நீலகிரிக்காரன், பள்ளிக்கூட லீவில் எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரருக்கு உதவியாளாக, பை தூக்கியவன். தம்பி "சும்மா தட்டி விடுவது போல" என்று எழுதியிருக்கிறாரே, ஆட்டக்காரனைக் கொல்வது அந்த அடிதான். 250 யார்டு அடிக்கும்போது முழு உடம்பையும் போட்டு அடிக்கலாம், மனசுக்கு வேலை கிடையாது. நூறு யார்டுக்குக் குறைந்த தூரத்தில் முக்கால் வீச்சா, அரை வீச்சா என்று கை நடுவழியில் யோசிக்கும். நான் பை தூக்கிய பெரியவர் ஒருவர் ஒற்றைக் கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டே டிரைவர் ஷாட்டை (ரொம்பத் தூரம் போகும் முதல் அடி) பற்றிக் கதை சொல்வார், ஆனால் அறுபது யார்டு வந்தால் வாயே திறக்க மாட்டார், என்னையும் மூச்சு விடாதே என்பார்.

13 பார் 5. இரண்டாவது அடியிலேயே ஓடையைத் தாண்டி கிரீனுக்கு (குழியைச் சுற்றிய பச்சைப் புல்தரை) போகலாம், மெக்கில்ராய் அதைச் செய்யாமல் முன்னாலேயே நிறுத்தினார். நான்கு அடி முன்னிலையில் இருப்பவனுக்கு அது சரியான முடிவு, நான் கேடியாக இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கிரீனில் இடது பக்கம் பூராவும் இடம் கிடக்கிறது, அங்கே போட்டுவிட்டு இரண்டு பட்டில் முடிக்கலாம். பந்து வலது பக்கம் போனதற்குக் காரணம் தைரியம் இல்லாதது இல்லை, ஜாக்கிரதையாக ஆடப் போய் கை தளர்ந்ததுதான்.

ரோஸ்பக்கம் எழுதியது:

எல்லோரும் மெக்கில்ராய் கதையே சொல்கிறீர்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. ரோஸ் அன்று காலையில் ஏழு அடி பின்தங்கியிருந்தார், வயது 44. அகஸ்டாவில் கடைசி நாளில் பத்து பேர்டி அடிப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். 17இல் போகி வந்தும் அசராமல் 18இல் சுமார் இருபது அடி தூரத்துப் பட்டை உள்ளே போட்டார். 2017இலும் இதே 18ஆவது குழியில் பிளேஆஃபில் செர்ஜியோ கார்சியாவிடம் தோற்றவர் அவர். இரண்டாவது தடவையும் அதே இடத்தில் தோற்றுவிட்டு, உடனே போய் மெக்கில்ராயைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையில் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். உங்கள் அம்மா அடுத்த தடவை கேட்டால் அவரையும் காட்டுங்கள்.

பார்எழுபத்திரண்டு எழுதியது:

ரோஸ் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, மறுக்கவே மாட்டேன். ஆனால் 7 போட்டவர் எப்படி ஜெயித்தார் என்ற கேள்விக்குப் பதில் 15இல் இருக்கிறது. 13, 14இல் மூன்று அடி பறிகொடுத்தவர், 15இல் 200 யார்டுக்கு மேல், முன்னால் மரக்கிளை, கிரீனுக்கு முன் குளம். 7 அயர்ன் என்ற மட்டையை எடுத்து மரத்தைச் சுற்றி வலமிருந்து இடமாக வளைத்து குழிக்கு ஏறக்குறைய ஆறு அடி தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். அந்தப் பட்டையும் தவறவிட்டார் என்பது வேறு விஷயம், ஆனால் பேர்டி வந்தது. 17இல் பந்து காற்றில் இருக்கும்போதே அதன் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டார், அங்கேயும் பேர்டி. 18இல் பார் எடுத்தால் முடிந்தது. பங்கரில் (மணல் பள்ளம்) போட்டு, வெளியே எடுத்து, சுமார் ஐந்தடி தூரத்துப் பட்டைத் தவறவிட்டார். அந்த வாரம் மொத்தம் நான்கு டபுள் போகி. நான்கோடு மாஸ்டர்ஸ் ஜெயித்தவர் அதற்கு முன் யாரும் இல்லை.

கனிகாணும்நேரம் எழுதியது:

இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் 2011 கதையைச் சொன்னேன், "பதினாலு வருஷமா? வனவாசம் மாதிரி" என்றார். இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்த ஐந்தடியை விட்டவர், சில நிமிஷம் கழித்து அதே குழியில் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் எப்படி வைத்தார்? எனக்கென்றால் கை நடுங்கியிருக்கும்.

பைதூக்கியவன் எழுதியது:

தம்பி, அவருடைய கேடி ஹாரி டைமண்டைக் கவனித்தீர்களா? சின்ன வயதிலிருந்து நண்பர். பிளேஆஃபுக்குப் போகும் வழியில் அவர் சொன்னதை மெக்கில்ராயே அப்புறம் பேட்டியில் சொன்னார்: திங்கட்கிழமை காலையில் இந்த நிலைமையைக் கொடுத்திருந்தால் நாம் வாங்கிக்கொண்டிருப்போமே என்று. எவ்வளவு சரியான பேச்சு பாருங்கள். கேடியின் வேலை தூரம் சொல்வது மட்டும் இல்லை, ஐந்து நிமிஷத்துக்கு முன் நடந்ததை ஆட்டக்காரனின் தலையிலிருந்து எடுப்பதும்தான். அப்புறம் அந்த அடியே ரொம்ப அழகு. நேராகக் கொடியைப் பார்த்து அடிக்கவில்லை, கொடியைத் தாண்டி மேட்டில் விழவிட்டு, சரிவில் பந்தே திரும்பி உருண்டு வரும்படி ஆடினார். குழிக்கு நாலடி தூரத்துக்குள் வந்து நின்றது. ரோஸ் பட்டைத் தவறவிட்டார், இவர் போட்டார். சராசன், ஹோகன், பிளேயர், நிக்லஸ், டைகர் வுட்ஸ், அவர்களுக்கு அடுத்து நான்கு மேஜரையும் ஜெயித்த ஆறாவது ஆள்.

பார்எழுபத்திரண்டு எழுதியது:

தொடர்ந்து பார்க்க ஆசை இருந்தால் ஜூலையில் வரும் பிரிட்டிஷ் ஓபனை விடாதீர்கள். இந்த 2025இல் வட அயர்லாந்தில் ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில், பிரிட்டிஷ் நேரம் என்பதால் கடைசி நாள் ஆட்டம் நமக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு முடிந்துவிடும், தூக்கம் கெடாது. அது மெக்கில்ராயின் சொந்த மண். 16 வயதில் அந்த மைதானத்தில் 61 அடித்தவர். ஆனால் 2019இல் ஓபன் அங்கே வந்தபோது முதல் நாள் முதல் அடியையே எல்லைக்கு வெளியே அடித்து அந்தக் குழியில் 8 போட்டார், கடைசி இரண்டு நாள் ஆடுவதற்கான கட் என்ற வரம்பை ஒரே அடி வித்தியாசத்தில் தவறவிட்டு வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போனார். அதனால் வியாழக்கிழமை அவர் முதல் குழிக்கு வரும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே தொடங்குங்கள். அம்மாவையும் கூட உட்கார வையுங்கள்.