மயக்க மருந்துப் பயிலுநர்களின் கைவேலையை நேரில் பார்த்து மதிப்பிடுவது: ஆள் குறைந்த இடத்தில் எப்படிச் செய்கிறீர்கள்?

ஏ9_மயக்கம்
வணக்கம். வன்னியில் ஒரு வைத்தியசாலையின் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன், எந்த வைத்தியசாலை என்பதை விடுங்கள். பயிற்சிக்கு வரும் இளம் வைத்தியர்களுக்கு டொப்ஸ் (DOPS, செய்முறையை நேரில் பார்த்து மதிப்பிடுவது) படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி), ரியூப் (மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாய்), சென்ட்ரல் லைன் (பெரிய நாளத்துக்குள் விடும் குழாய்) போன்றவற்றை அவர்கள் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்து, எது சரி எது பிழை என்று முடிந்த கையோடு சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். நடப்பது என்னவென்றால், பயிற்சிக் காலம் முடியும் கிழமையில் பிள்ளைகள் ஒரு கட்டுப் படிவத்தோடு வந்து நிற்கிறார்கள், அன்றைய சத்திரசிகிச்சை லிஸ்ட் முடிந்த களைப்பில் எல்லாவற்றுக்கும் 5க்கு 4 விழுகிறது, கருத்துப் பெட்டியில் "நன்று, தொடரவும்". பார்க்காத ஸ்பைனலுக்கும் கையெழுத்து.

எங்களிடம் கொன்சல்டன்ட் ஒருவர், தியேட்டர் இரண்டு, இரவில் அவசர சிசேரியன். இந்த நிலையில் இதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா? அப்புறம், படிப்படியாகச் சரி போடும் பட்டியல் நல்லதா, மொத்தமாக ஒரு புள்ளி போடுவது நல்லதா?

மன்னார்க்காற்று
5க்கு எத்தனை என்ற கேள்வியை முதலில் தூக்கிப் போடுங்கள். 4 என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது, ஆளுக்கு ஆள் மாறும், ஒருவர் தாராளம், இன்னொருவர் கஞ்சம். அதற்குப் பதிலாக உங்களையே கேளுங்கள்: இதே ஆள் இதே ஸ்பைனலை அடுத்த முறை போடும்போது நான் எங்கே நிற்க வேண்டும்? கை கழுவிக் கையுறையோடு பக்கத்திலா, தியேட்டருக்குள் சும்மாவா, தேத்தண்ணி அறையிலா, வீட்டிலா? கனடாவின் ஒட்டாவாவில் சத்திரசிகிச்சைப் பயிலுநர்களுக்காக 2012 அளவில் இதே போக்கில் ஒரு அளவுகோல் செய்தார்கள், மயக்க மருந்துக்கும் அது நன்றாகப் பொருந்தும். இதில் பொய் சொல்வது கஷ்டம், ஏனென்றால் "வீட்டில் இருக்கலாம்" என்று எழுதியவருக்குத்தான் இரவு 2 மணிக்குப் போன் வரும்.

பட்டியல் புதிதாக வந்தவருக்கு உதவும், அடுக்கு மனதில் பதியும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். "முள்ளந்தண்டு இடைவெளியைச் சரியாகக் கண்டார்" என்று ஒரு வரி இருக்கும், எல்லோரும் சரி போடுவார்கள். 2000இல் வந்த ஓர் ஆய்வில், அனுபவமுள்ள மயக்க மருந்து வைத்தியர்கள் கையால் தடவிச் சொன்ன இடைவெளியை எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது 29 வீதம்தான், பிழைத்தவற்றில் பெரும்பாலானவை நினைத்ததைவிட மேலே. முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) பொதுவாக எல்1-எல்2, அதாவது இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்புகள், பக்கம் முடிகிறது, ஆகவே மேலே போவதுதான் ஆபத்தான பிழை. எனவே சரி போடுவதை விட்டுவிட்டு, "எந்த இடைவெளி என்று நினைக்கிறீர், ஏன், சந்தேகம் வந்தால் மேலே போவீரா கீழே போவீரா" என்று ஊசியை எடுக்கமுன் கேளுங்கள். அந்தப் பதிலில் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

பயிலுநன்_பக்கம்
நான் மற்றப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் டொக்டர். எங்களுக்குப் பயம் பார்ப்பதில் இல்லை, பாதியில் ஊசியைப் பறிப்பதில்தான். எப்போது பறிப்பார் என்று தெரியாமல் போட்டால் கை தானாக நடுங்கும். தொடங்க முன்பே சொல்லிவிடுங்கள்: இத்தனை தரம் எலும்பில் முட்டினால் நான் எடுப்பேன், காலில் மின்சாரம் மாதிரி இழுக்குது என்று நோயாளி சொன்னால் அந்த நொடியே நிறுத்து. அவ்வளவு தெரிந்தால் நாங்கள் நிம்மதியாகப் போடுவோம்.

அடுத்தது, "இன்னும் கொன்ஃபிடன்ஸ் வேணும்" என்பது பின்னூட்டமே இல்லை. அதை வைத்துக்கொண்டு நாளைக்கு நான் எதை மாற்றுவது? "இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருந்ததை ஊசி விடமுன் பார்க்கேல்லை, அதுதான் மூன்று தரம் எலும்பில் முட்டினது" என்று சொன்னால் அடுத்த கேஸிலேயே திருத்துவேன். ஒரு கேஸுக்கு அப்படி ஒன்று போதும். ஏழு பிழையை அடுக்கினால் ஏழும் மறந்துபோகும்.

இடைக்கிடை மட்டும் பார்த்தால் நாங்கள் சோதனைக்கு நடிப்பது போலத்தான் செய்வோம். அடிக்கடி பாருங்கள், கொஞ்சமாகப் பாருங்கள்.

தியேட்டர்_மிஸ்
டொக்டர்மார் ஒன்றை மறந்து பேசுகிறீர்கள். ஸ்பைனலில் அந்த அம்மா முழிப்பு. "அங்க இல்லை, இன்னும் கீழ" என்று நீங்கள் பயிலுநருக்குச் சொன்னால் துள்ளுவது அவதான். இங்கிலீசில் சொன்னால் விளங்காது என்று நினைப்பது இன்னும் மோசம், குரலை வைத்தே "என்னவோ பிழைச்சுப் போச்சு" என்று பயந்துவிடுவா. நான் பார்த்ததில் நல்லாகச் செய்த ஒரு கொன்சல்டன்ட், பயிலுநரின் முழங்கையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவார், அது நிறுத்து என்று முன்பே பேசி வைத்தது. மிச்சமெல்லாம் அம்மாவை வார்டுக்கு அனுப்பிய பிறகு கை கழுவும் இடத்தில்.

இன்னொன்று, படிவத்தில் "நோயாளியோடு தொடர்பாடல்" என்று ஒரு வரி இருக்கிறதல்லவா, அதற்கு எங்களைக் கேளுங்கள். தெற்கிலிருந்து வரும் சில பிள்ளைகள் "முதுகை வளையுங்கோ, அசையாதையுங்கோ, இப்ப குளிரும்" என்று மூன்று வசனம் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள், அம்மாமார் அப்படியே அடங்கி இருப்பார்கள். தமிழிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் முதுகில் ஸ்பிரிட் ஊற்றுபவர்களும் உண்டு. ஊசி போட்ட பின் ஐஸ் வைத்து எந்த மட்டம் வரை மரத்திருக்கிறது என்று உண்மையாகப் பார்த்தாரா, சும்மா தொட்டுவிட்டு "சரி வெட்டுங்கோ" என்றாரா என்பதும் எங்களுக்குத்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை
இவ்வளவு பாடு எதற்கு? எண்ணிக்கை வைத்தால் போதும். சுவிற்சர்லாந்தில் 1998இல் கணக்கெடுத்தார்கள், ரியூப் போடுவதில் 90 வீத வெற்றிக்குச் சராசரியாக 57 தரம் தேவைப்பட்டது. 60 போடட்டும், கையெழுத்து வையுங்கள்.

மன்னார்க்காற்று
சராசரி அண்ணை அது. ஒருவருக்கு அதற்கு முன்பே வரும், இன்னொருவருக்கு அதைத் தாண்டியும் வராது, பிழையான முறையிலேயே 60 போட்டவரும் இருக்கிறார். எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிலுநர் ஒரு கொப்பியில் ஒவ்வொரு முயற்சியையும் எழுதட்டும், முதல் தடவையிலேயே சரியா, உதவி தேவைப்பட்டதா, தோல்வியா என்று. தோல்வி தொடர்ந்து வருகிறதென்றால் அந்தக் கிழமை நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், அதுதான் அந்தக் கொப்பியின் உபயோகம்.

ஏ9_மயக்கம்
மிஸ் சொன்னது உறைத்தது. இரவுக் கேஸை என்ன செய்வது? கொன்சல்டன்ட் வந்து சேரமுன் பிள்ளை பிறந்துவிடும்.

மன்னார்க்காற்று
இரவில் பார்க்காததற்கு டொப்ஸ் படிவம் நிரப்பாதீர்கள், அவ்வளவுதான். அடுத்த நாள் மயக்க மருந்துப் பதிவேட்டை வைத்துக்கொண்டு கேஸைப் பற்றிப் பேசலாம், பிரஷர் எப்போது விழுந்தது, என்ன கொடுத்தீர், ஏன் என்று. அது வேறு மதிப்பீடு, அதற்கு வேறு படிவம் இருக்கிறது. நேரில் பார்ப்பதற்குக் காலை லிஸ்டின் முதல் கேஸை ஒதுக்குங்கள், ஹேர்னியாவோ என்னவோ, அவசரமில்லாத ஒன்று. முழுவதையும் பார்க்க நேரமில்லையென்றால் இன்றைக்கு நோயாளியை இருத்துவதை மட்டும், நாளைக்கு ஊசியை மட்டும். படிவத்தைக் கேஸுக்கு முன்பே மேசையில் வையுங்கள், எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பயிலுநரே எழுதட்டும். சர்ஜனிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கத்தத் தொடங்குவார்.